மஞ்சள் இலையும் கிடைக்காத பில்லும்

பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று தக்காளி விளையும் ஊர் எதுவானாலும் மருந்துக்கடையில் நடப்பது ஒன்றுதான். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத செடி வெளுக்கிறது. விவசாயி ஒரே ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வருகிறார். கடைக்காரர் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, கூடவே ஒரு டானிக் என எடுத்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார். பில் கிடையாது, துண்டுச் சீட்டில் தொகை மட்டும்.

கிள்ளிய இலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. செடியில் எந்த இலை முதலில் நிறம் மாறியது என்று பார்க்க வேண்டும். அடியிலை முழுதும் வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் போதவில்லை. அதே கோலம் கொழுந்தில் வந்தால் இரும்புச்சத்து. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். தண்ணீர் தேங்கி வேர் திணறினாலும் மஞ்சள்தான். கொழுந்து சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாக நின்றால், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். அதைக் குணப்படுத்த மருந்தே இல்லை. டானிக் விற்றவருக்கு இது தெரியாதா?

இலை நார்போல ஒடுங்கி முறுக்கிக்கொண்டால், அதே தெளிப்பானில் 2,4-டி களைக்கொல்லி அடித்தோமா என்று முதலில் வீட்டில் விசாரிக்கலாம்.

ஆகவே, தெளிக்குமுன் காட்டுங்கள். நோய்ப்பட்ட செடிகள் இரண்டு மூன்றையும் நல்ல செடி ஒன்றையும் வேர்மண்ணோடு எடுத்து, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோக வேண்டும். என்ன உரம், என்ன மருந்து, எந்தத் தேதியில் என்ற குறிப்பும் கூடவே போகட்டும். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551.

நாற்றிலேயே கோளாறு என்று சந்தேகம் வந்தால் வழி வேறு. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் 'விதை' என்பது நாற்றையும் சேர்த்தே. 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவர் பில் தந்தே ஆக வேண்டும். ரகப் பெயரும் குவியல் எண்ணும் அதில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். விதை வாங்கி விதைத்தவர்கள் உறை, லேபிள், மிச்ச விதை மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். புகார் வந்தால் விதை ஆய்வாளர் இவற்றைப் பெற்றுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

புகாரை எழுத்தில், இரண்டு படிகளாகக் கொடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வந்து பார்க்கிறோம்" என்ற வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களிடம், காத்திருந்ததற்குக்கூட அத்தாட்சி இருப்பதில்லை. ஆய்வாளர் வருவதற்குள் ஆத்திரத்தில் வயலை உழுதுவிடுகிறவர்களும் உண்டு. உழாதீர்கள். வைரஸ் செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் படம் எடுத்து, அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சி வைத்துக்கொண்டு பிடுங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகலும் வாங்கி வையுங்கள்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. மனுவோடு இணைக்க வேண்டிய முதல் தாள், கடையில் கேட்காமல் விட்ட அந்த பில்தான்.