காசு கேட்காத மாலைப்பொழுது

மும்பையிலேயே பிறந்து வளர்ந்தும் கடற்கரையில் ஒரு மாலைகூட அமர்ந்திராத பிள்ளைகள் நம் நடுவே உண்டு. "வாடகைக்கே போதவில்லை, ஊர் சுற்றப் பணம் ஏது?" என்கிறீர்கள். இப்பட்டணத்தின் சிறந்த இடங்கள் பலவற்றிற்கு நுழைவுச்சீட்டே கிடையாது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, உண்டு இளைப்பாறியபின் புறப்படுங்கள். தாராவியிலுள்ளோர் மாஹிமில் ரயிலேறிச் சர்ச்கேட்டில் இறங்கலாம். அந்த ரயில் கட்டணமே செலவு. நிலையத்தருகே ஓவல் மைதானம். அதன் கிழக்கே உயர்நீதிமன்றமும், 1878இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாபாய் மணிக்கூண்டும் நிற்கின்றன. மேற்கே, 1930களில் எழும்பத் தொடங்கிய அழகிய குடியிருப்புகள். இவ்விரு வரிசைகளையும் யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புல்தரையில் ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடைபெறும், பார்க்கக் கட்டணமில்லை.

அங்கிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் மரைன் டிரைவ். கடலோரச் சுவரில் அமர்ந்து சூரியன் கடலில் இறங்குவதைக் காணலாம். புளிச்சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில், கடல் பொங்கும் வேளையில் அலை சுவரைத் தாண்டி அடிக்கும். அப்பொழுது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள்.

தகப்பன்மார்களே, உங்களில் அநேகர் பிள்ளைகள் விழிக்குமுன் வேலைக்குப் புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் திரும்புகிறீர்கள். அவர்களுக்கு உங்கள் முகமே அரிதாயிருக்கிறது. அந்த ஒரு மாலையிலாவது கைப்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, நீங்கள் வளர்ந்த ஊரைக்குறித்து அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆவலோடு கேட்பார்கள்.