கோக்குவின் முகம் மாறிய கதை

களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கத்து அடுக்குமாடிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ‘ஒன் பஞ்ச் மேன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடர் பற்றி வாயைக் கொடுத்துப் பாருங்கள். 2015இல் வந்த முதற்பருவம் மாட்ஹவுஸ் ஸ்டூடியோ செய்தது, 2019இல் இரண்டாவது ஜே.சி. ஸ்டாஃப் ஸ்டூடியோ கைக்குப் போனது, அங்கேதான் படம் விழுந்தது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு முன் இந்தப் பேச்சே கிடையாது. வெள்ளவத்தையில் வாங்கிய கொப்பி டிவிடியில் ஓர் அத்தியாயத்தில் கோக்குவின் தாடை கூராகவும் அடுத்ததில் கன்னம் உப்பியும் இருந்தால் பழி கடைக்காரர் தலையில்தான் விழும். “கொப்பி சரியில்லை, மாத்தித் தாங்கோ அண்ணை.”

கொப்பியில் பிழையில்லை. கோக்கு நாயகனாக வரும் ‘டிராகன் போல் இசட்’ 1989 ஏப்ரலில் தொடங்கி 1996 ஜனவரி வரை 291 அத்தியாயங்கள் ஓடியது. கிழமைக்கு ஒன்று. ஆனால் ஓர் அத்தியாயத்துக்குச் சில ஆயிரம் தாள் வரையவேண்டும். அது ஒரு கிழமையில் முடிகிற காரியமல்ல. அதனால் அதைத் தயாரித்த டோயி நிறுவனம் பல குழுக்களை முறைவைத்து இறக்கியது. கோக்கு முன்னாலிருந்து எப்படி, பக்கவாட்டில் எப்படி, கோபத்தில் எப்படி என்று காட்டும் மாதிரித் தாள் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றுதான். குழுவுக்கொரு மேற்பார்வை ஓவியர் மட்டும் வேறு. முக்கிய அசைவுகளை வரைபவர்கள் கொடுக்கும் தாளின்மேல் மெல்லிய இன்னொரு தாளை வைத்து, அவர் முகத்தைத் தன் கையால் திருத்தி வரைவார். திருத்துகிற கையின் பழக்கம் அந்த முகத்தில் இறங்கிவிடும். தடயோஷி யமமுரோ மேற்பார்வை பார்த்த அத்தியாயங்களில் கோடு வெட்டி வைத்ததுபோல் கூர்மை. மசயுகி உச்சியாமா பார்த்தவற்றில் உருவம் சற்றுக் கட்டை, முகம் மெத்து. நேரம் போதாவிட்டால் கிட்டத்து முகங்களை மட்டும் திருத்திவிட்டுத் தூரத்து உருவங்களை வந்தபடியே விட்டுவிடுவார்கள். இடையசைவுத் தாள்களிலும் வர்ணம் பூசுவதிலும் கொஞ்சம் கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடங்கியபோது வரைந்தவர் மணியம். பிறகு அதே கதை மறுபடி வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். ஒவ்வொருவரிடமும் வந்தியத்தேவன் வேறு ஆள். ஆனால் ஒருவர் எடுத்த தொடரைப் பாதியில், அடுத்த கிழமையே, இன்னொருவரிடம் கொடுக்கவில்லை.

கிழமைக்கொன்று வரைந்து தள்ளும் இந்த அவசரம் ஜப்பானில் 1963இலேயே தொடங்கியது. ஒசாமு டெசுகா தன் ‘அஸ்ட்ரோ போய்’ தொடரை, செய்த செலவுகூடக் கட்டாத விலைக்குத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும் இடத்தில் ஒரே படத்தை மும்மூன்று சட்டகத்துக்குப் பிடித்து, எட்டுப் படத்தோடு சமாளித்தார்கள். அந்தச் சிக்கனத்திலிருந்து ஒரு தனி அழகு பிறந்தது உண்மை. மலிவு விலையும் கூடவே வழக்கமாகிவிட்டது. அதன் சுமையை இன்றும் வரைகிறவர்களே சுமக்கிறார்கள்.

இப்போது என்ன மாறியிருக்கிறது? கண்ணாடித் தாளில் வர்ணம் பூசுவது போய்க் கணினி வந்துவிட்டது. கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த ‘சசாயே-சான்’ கூட 2013இல் விட்டுவிட்டது. வருடம் முழுக்க ஓடுவதற்குப் பதிலாகப் பெரும்பாலான தொடர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று அத்தியாயத்தோடு பருவத்தை முடிக்கின்றன. மேற்பார்வை ஓவியர்களுக்கு மேலே, எல்லா அத்தியாயத்திலும் முகத்தை ஒன்றாக்கவென்றே ஒரு தலைமை ஓவியர் இருக்கிறார். யூஃபோடேபிள் போல வேலையில் பெரும்பகுதியைத் தன் கூரைக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்டூடியோக்களும் உண்டு. அவர்களுடைய ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டெம்பரில் தமிழ்க் குரலோடு தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது, அதில் முகம் மாறிற்று என்று முறையிட யாருக்கும் பெரிதாக வேலையிருக்கவில்லை.

எல்லோருக்கும் அந்த வசதியில்லை. தொடர்கள் பெருகின, வரையும் கைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அன்று அத்தியாயத்துக்கு ஒன்றிரண்டு மேற்பார்வையாளர் பெயர் வரும். இன்று சில அத்தியாயங்களில் பத்துக்கு மேல் வருகிறது. நெருக்கடியில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் திருத்துகிறார்கள். முன்பு அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறிய முகம் இப்போது ஒரே அத்தியாயத்துக்குள்ளேயே மாறுகிறது. குறுந்தொடரும் தப்பவில்லை: 2024இல் வந்த ‘உசுமகி’க்கு மொத்தமே நான்கு அத்தியாயம். முதலாவது, மூலக் கதையை வரைந்த ஜுன்ஜி இதோவின் மைக்கோடு அப்படியே அசைவதுபோல் இருந்தது. இரண்டாவதில் ஆட்கள் மரக்கட்டையாக நடந்தார்கள்.

எல்லா மாற்றத்தையும் பிசகுக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 2015இல் ‘டிராகன் போல் சூப்பர்’ ஐந்தாம் அத்தியாயத்தில் கோக்கு கோணலாய்ப் போனது. வட்டில் வெளியிட்டபோது திருத்தி வரைந்தார்கள். அது வெறும் பிசகு. 2010இல் ‘நருட்டோ ஷிப்புடென்’ 167ஆம் அத்தியாயத்தில் வில்லன் பெய்னின் முகம் ரப்பர்போல் இழுபட்டதோ இயக்குநர் அட்சுஷி வகபயாஷியும் அவருடைய ஓவியர்களும் வேண்டுமென்றே செய்தது. அடியின் வேகத்தைக் காட்ட உருவத்தையே உடைத்தார்கள். ஒரு சட்டகத்தை நிறுத்திப் படம்பிடித்து உலகமே சிரித்தது. எனக்கு அந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த சண்டை அதுதான்.

போனில் படத்தை நிறுத்திப் பார்க்கிற வசதி கொப்பி டிவிடிக் காலத்தில் இப்படி இல்லை. இன்று அதுதான் வம்புக்கு முதற்காரணம். தம்பி தங்கச்சிமாரே, நிறுத்திவைத்த படத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் படம் கெட்டிருந்தால் திட்டுங்கள். ஆனால் செய்து முடிக்க நாள் கொடுக்காத தயாரிப்பாளரைத் திட்டுங்கள், தாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓவியரை விட்டுவிடுங்கள்.