புள்ளிகளின் உலகமும் மறந்துபோன நாவல்களும்

1955இல் அமெரிக்காவில் ஏஸ் பதிப்பகம் 35 சென்ட்டுக்கு ஒரே புத்தகத்தில் இரண்டு நாவல்களை விற்றது. ஒன்றைப் படித்து முடித்துப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு அட்டை, இன்னொரு கதை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக்கின் முதலில் வெளிவந்த நாவலான 'சோலார் லாட்டரி' அப்படித்தான் அச்சேறியது. மறுபக்கத்தில் லீ பிராக்கெட்டின் 'தி பிக் ஜம்ப்'. பிராக்கெட்டைத் தேடி வாங்கியவர் கையில் டிக்கும் வந்து சேர்ந்தார்.

டிக் அதில் காட்டிய எதிர்காலத்தில், ஆட்சித் தலைமை குலுக்கலில் விழுகிறது. தலைவரைக் கொல்ல ஆளனுப்புவதும் ஆட்டத்தின் விதிகளில் ஒன்று. ராபர்ட் ஷெக்லி 1953இல் வெளியிட்ட 'செவன்த் விக்டிம்' சிறுகதையிலும் மனித வேட்டை சட்டப்படி நடக்கிறது. எதிர்காலம் விளையாட்டாக மாறும் என்றால் அன்று ரத்தமும் கூட்டமும் ஆரவாரமும்தான் நினைவுக்கு வந்தன.

நிஜத்தில் வந்தது ஆரவாரமில்லாத ஆட்டம். இன்னும் சில சவாரி ஓட்டினால் போனஸ் என்று உபர் ஓட்டுநரின் கைப்பேசி சொல்கிறது. நம் ஊரில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்கும் அதே டார்கெட், அதே இன்சென்டிவ். அமேசான் கிடங்குகளில் பொருள் எடுக்கும் வேகத்தையே வீடியோ கேமாக்கித் தொழிலாளர் முன்னால் திரையில் ஓடவிட்டார்கள் என்று 2019இல் செய்தி வந்தது.

இந்த ஆட்டத்துக்கு மிக அருகில் வந்தது, டிக் 1959இல் வெளியிட்ட 'டைம் அவுட் ஆஃப் ஜாயின்ட்'. ரேகிள் கம் என்பவர் சகோதரி வீட்டில் தங்கிக்கொண்டு, செய்தித்தாள் புதிர்ப்போட்டி ஒன்றில் தினமும் ஜெயிக்கிறார். அடுத்து ஒரு குட்டிப் பச்சை மனிதன் எந்தக் கட்டத்தில் தோன்றுவான் என்று ஊகிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய விடைகளையும் வரைபடங்களையும் பரப்பிவைத்து மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார். ஒருநாள் அவர் கண்ணெதிரே ஒரு குளிர்பானக் கடை கரைந்துபோய், அந்த இடத்தில் 'குளிர்பானக் கடை' என்று எழுதிய காகிதத் துண்டு மட்டும் கிடக்கிறது. (இதுவரை படிக்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடலாம்.) அவர் குறித்துக் கொடுக்கும் கட்டங்கள், நிலவிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகள் விழப்போகும் இடங்கள். விளையாடுகிறவருக்குத் தான் யாருக்காக உழைக்கிறோம் என்றே தெரியாது. செயலியில் புள்ளி சேர்க்கும் நம் காலத்தை இவ்வளவு துல்லியமாகத் தொட்ட பழைய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

கோரி டாக்டரோ 2003இல் வெளியிட்ட 'டௌன் அண்ட் அவுட் இன் தி மேஜிக் கிங்டம்' அடுத்த படி. அங்கே சாவும் இல்லை, பணமும் இல்லை. மற்றவர்கள் தரும் மதிப்பே 'வஃபி' என்ற புள்ளியாக எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அது சரியச் சரிய நாயகனைச் சுற்றியிருந்தவர்கள் விலகுகிறார்கள். ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது 2009இல்தான்.

அன்று புத்தகத்தைத் திருப்பினால் தெரியாத எழுத்தாளர் கிடைத்தார். இன்று இணையத்தில் இந்த வகை நாவல் ஒன்றைத் தேடினால் முதலில் வந்து நிற்பது, ஸ்பீல்பெர்க் படமாக்கிய 'ரெடி பிளேயர் ஒன்'. நல்ல விறுவிறுப்பான நாவல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நட்சத்திர மதிப்பீடு அதிகம் பெற்றதே மேலே வர, மேலே வந்ததே மேலும் நட்சத்திரம் பெறுகிறது. புள்ளிகளைப் பற்றி எச்சரித்த நாவல்கள் புள்ளிப் பட்டியலிலேயே கீழே போய்விட்டன. என் ஆதங்கம் அதுதான்.

எனவே பட்டியலை நம்பாமல், பிடித்த எழுத்தாளரின் பழைய நாவல்களைத் தேடிப் போங்கள். டாக்டரோவின் நாவல், அச்சில் வந்தபோதே அவர் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. இன்றிரவே இறக்கிப் படிக்கலாம். டிக்கை அதற்குப் பிறகு எடுங்கள்.