பழைய கைக்கடிகாரமும் புதிய கட்டளைகளும்



நம் தந்தையார் காலத்துக் கைக்கடிகாரம் நம்மிடம் வேண்டியது ஒன்றே ஒன்று: நாள்தோறும் சாவி கொடுத்தல். 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை கடிகாரம் செய்யத் தொடங்கிற்று; அதன் கடிகாரப் பிரிவை மூடுவதென 2016இல் அரசு முடிவு செய்தது. ஆயினும் அங்கே பிறந்த கடிகாரங்கள் பல இன்றும் ஓடுகின்றன. ஸ்மார்ட் வாட்ச் இதற்கு நேர்மாறானது. செய்த நிறுவனம் செழிப்பாக இருக்கும்போதே கடிகாரத்துக்கு மூப்பு வந்துவிடுகிறது.

ஆப்பிள் நிறுவனத்தின் நான்காம் வரிசைக் கடிகாரம் 2018இல் வெளிவந்தது. 2024 செப்டம்பரில் வந்த வாட்ச் ஓ.எஸ். 11 அதற்குக் கிடைக்கவில்லை. 2015இல் பொன்னால் செய்து, 10,000 டாலரும் அதற்கு மேலும் விலை வைத்து விற்ற கடிகாரத்துக்கும் 2018இல் இதே கதிதான் நேர்ந்தது. ஆகவே எளிய கடிகாரம் வாங்கியவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை!

'அப்டேட்' என்பதைப் 'புதுப்பிப்பு' என்று மொழிபெயர்ப்பது எம் போன்றோர் வழக்கம். உண்மையில் புதிதாவது பொருளன்று. அதனுள் இருக்கும் கட்டளைத் தொகுதி. அது நின்றதனால் கடிகாரம் நின்றுவிடாது. மணி காட்டும், அடிகளை எண்ணும், நாடித்துடிப்பை அளக்கும். நாளடைவில் சில செயலிகள் விலகிப்போகும். பாதுகாப்புக் குறைகள் தைக்கப்படாத கிழிசல்களாகத் தங்கும். பெருங்குறை தென்பட்டால் நிறுவனம் சிற்சில வேளைகளில் இரங்குவதும் உண்டு. 2022இல் விலக்கப்பட்ட மூன்றாம் வரிசைக்கு 2023 ஜூனில் ஒரு திருத்தம் வந்தது. அதை நம்பியே இருத்தலும் ஆகாது.

இனி நம் வீட்டுச் செய்தி. சொந்த ஊரை விட்டுத் தில்லிக்கு எம்முடன் வந்துவிட்ட அன்னையார், நாம் அலுவலகம் சென்றபின் மாலை வரை தனித்திருப்பார். நாம் கட்டியிருந்த நான்காம் வரிசைக் கடிகாரத்தை அவருக்கு அளித்து நிம்மதியடைந்தோம். ஒருவர் பலமாக விழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவற்றுக் கிடந்தால், அது தானே அவசர உதவியை அழைத்து, உறவினருக்கும் செய்தி அனுப்பும் அன்றோ? ஆனால் அந்தக் கடிகாரம் தனி மொபைல் இணைப்பு இல்லாத வகை. அழைப்புக்கு அது நம்பியிருந்த போனோ நம் சட்டைப் பையில், அலுவலகத்தில்! பல வாரங்கள் கழித்தே இது நமக்கு உறைத்தது. இங்கே குறை புதுப்பிப்பில் இல்லை. எந்த வேலைக்கு எந்தக் கடிகாரம் என்று நாம் ஆராயாததில்தான்.

ஆகவே கடிகாரத்தை மாற்றுவதா என்று எண்ணுவோர் முதலில் அதனிடம் தாம் எதிர்பார்க்கும் பணி யாது என்று கேட்டுக்கொள்வது நலம். நடையை எண்ணுவதற்கு மட்டுமெனில், போனஸ் பணத்தை அதில் இட வேண்டாம். ஊருக்குச் செல்லும் ரயில் கட்டணத்துக்கு ஆகும். பேட்டரியை மட்டும் பார்த்தல் வேண்டும். ஆயிரம் முறை முழுதாக மின்னேற்றிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்குமாறு அமைத்ததாக நிறுவனம் கூறுகிறது. நாள்தோறும் முழுதாக ஏற்றினால் அது மூன்றாண்டுக் கணக்கு. இன்றுள்ள கொள்ளளவைக் கடிகாரத்தின் அமைப்புப் பகுதியிலேயே காணலாம். விற்பனை நின்று ஏழாண்டு கடந்த பொருளைப் பொதுவாக அந்நிறுவனம் பழுது பார்ப்பதில்லை. நான்காம் வரிசையின் விற்பனை 2019 செப்டம்பரில் நின்றது. எனவே அதற்குப் பேட்டரி மாற்றுவதாயின் 2026 செப்டம்பரே எல்லை.

தனித்திருக்கும் முதியவரின் காவலாக அதை வைத்திருந்தால் நமது தீர்ப்பு வேறு. பேட்டரி மாலை வரை தாங்காவிடில் தயங்காமல் மாற்றிவிடலாம். தனி மொபைல் இணைப்புள்ள வகையை வாங்குக. இன்றேல் முதியவருக்கென ஒரு போனை, ஆண்ட்ராய்டு அன்று, ஐபோனையே, அருகில் வையுங்கள். மாரடைப்பைக் கண்டறியும் ஆற்றல் இக்கடிகாரங்களுக்கு இல்லை என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

பழையதைப் பிறருக்குக் கொடுக்குமுன் நம் போனுடனுள்ள இணைப்பை முறைப்படி நீக்கிவிட வேண்டும். இல்லையேல் பூட்டு அதிலேயே தங்கி, பெற்றவருக்குப் பயன்படாது.