ஸ்கேன் பண்ணிட்டா போதுமா? கையெழுத்துப் பத்திரிகைகளும் டிஜிட்டல் காப்பகமும்

இந்த எபிசோடுல கையெழுத்துப் பத்திரிகைகளைப் பத்திப் பேசலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, நாலு நண்பர்கள் இருந்தா போதும். ஒருத்தர் ஆசிரியர், ஒருத்தர் அட்டைப்படம் வரைவார், கையெழுத்து அழகா இருக்கிறவர் மொத்தத்தையும் எழுதுவார். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பிரதிதான். அதுவே கைமாறிக் கைமாறி ஊரைச் சுத்தும்.

இதுல பிரபலமான ஒண்ணு நம்ம குடவாசலுக்குப் பக்கத்துலயே நடந்தது. 1940களின் தொடக்கத்துல, திருவாரூர்ல பள்ளி மாணவரா இருந்த மு. கருணாநிதி ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அடுத்து 1942 ஆகஸ்ட் 10ஆம் தேதி துண்டு வெளியீடா அச்சுல வந்ததுதான் முரசொலி. அவர் முதலமைச்சர் ஆனதால இந்த வரலாறு நமக்குத் தெரியுது. முதலமைச்சர் ஆகாத பிள்ளைங்க எழுதினதெல்லாம்?

அமெரிக்காவுல இதுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. 1870கள்ல சின்ன கை அச்சு இயந்திரங்கள் மலிவா கிடைச்சதும், பதின்ம வயசுப் பிள்ளைங்க சொந்தமா பத்திரிகை போட ஆரம்பிச்சாங்க. 1876ல பிலடெல்பியாவுல அவங்களுக்குன்னு ஒரு தேசியச் சங்கமே உருவாச்சு. அந்த இதழ்களை வூஸ்டர் நகரத்து அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி சேர்த்து வெச்சுது. இப்ப அதெல்லாம் டிஜிட்டல் வடிவத்துலயும் கிடைக்குது. பாடப்புத்தகம், பெரியவங்க பிள்ளைங்களுக்குச் சொன்னது. இந்தப் பத்திரிகைகள் பிள்ளைங்களே சொன்னது. அவங்க என்ன படிச்சாங்க, எதைக் கிண்டல் பண்ணாங்க, ஊர்ல என்ன சொல் புழங்குச்சுன்னு தேடுற ஆய்வாளருக்கு இது வேற எங்கயும் கிடைக்காது.

நம்ம பக்கம் இந்த மாதிரிக் காகிதங்களோட மதிப்பை உணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். புத்தகங்களோட நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு எல்லாத்தையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1994ல சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு.

சரி, பரண்ல இருந்து ஒரு பழைய இதழ் கிடைச்சிருச்சு, ஸ்கேன் பண்ணியாச்சு. வேலை முடிஞ்சுதா? சாப்ட்வேர்காரனா சொல்றேன், பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ஸ்கேன்ங்கிறது கம்ப்யூட்டருக்கு வெறும் படம்தான். படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற ஓசிஆர், தமிழ் அச்செழுத்துல ஓரளவு நல்லாவே வேலை செய்யுது. கையெழுத்துன்னா திணறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின பழைய 'லை', 'னை' வடிவங்கள் வந்தா இன்னும் சிரமம். அதனால மனுஷங்க உக்காந்து தட்டச்சு பண்ற விவரங்கள், அதாவது மெட்டாடேட்டாதான் தேடுறதுக்கு ஒரே வழி.

திருவாரூர் உதாரணத்தையே எடுத்துக்குங்க. இதுல மூணு சிக்கல் ஒளிஞ்சிருக்கு.

முதல்ல, பேர். அந்தக் கையெழுத்துப் பத்திரிகையைச் சிலர் 'மாணவ நேசன்'னு எழுதறாங்க, சிலர் 'மாணவர் நேசன்'னு எழுதறாங்க. ஒண்ணை மட்டும் பதிஞ்சா, இன்னொண்ணைத் தேடுறவருக்குக் கிடைக்காமப் போகலாம்.

ரெண்டாவது, புனைபெயர். முரசொலி துண்டு வெளியீட்டுல கருணாநிதி எழுதினது 'சேரன்'ங்கிற பேர்ல. இன்னைக்கு 'சேரன்'னு தேடினா ஈழத்துக் கவிஞர் வருவார், சினிமா இயக்குநர் வருவார். இந்தச் சேரன் யாருன்னு பதிவுல யாராவது எழுதி வெச்சாத்தான் உண்டு.

மூணாவது, தேதி. 1942 ஆகஸ்ட் 10, சித்திரபானு வருஷம் ஆடி மாசம். ஒரு நோட்டுல வெறும் 'சித்திரபானு, ஆடி'ன்னு மட்டும் இருந்தா அது 1882ஆ இருக்கலாம், 1942ஆ இருக்கலாம், 2002ஆவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுழற்சி அப்படி. தமிழ்த் தேதியை அப்படியே ஒரு இடத்துலயும், கணிச்ச ஆங்கில வருஷத்தை இன்னொரு இடத்துலயும் எழுதணும்.

இதை ஒழுங்கா செஞ்சு காட்டினது 2005ல தொடங்கின ஈழத்து நூலகம் திட்டம். 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சதைப் பார்த்த சமூகம் அது. அங்க ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. பல இதழ்களுக்கு இதழாசிரியர், மாசம், பக்க எண்ணிக்கை மட்டுமில்லாம, உள்ள இருக்கிற கதை, கவிதைத் தலைப்புகளும் எழுதினவங்க பேரும் பட்டியலா தட்டச்சு ஆகியிருக்கு. பிடிஎப்பைத் திறக்காமலே ஆய்வாளர் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

உங்க வீட்டுல இப்படி ஒரு நோட்டு இருந்தா போன் கேமராவே போதும். சன்னல் வெளிச்சத்துல, நேர் மேல இருந்து, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு, அட்டை முதல் அட்டை வரை எடுங்க. ஓரத்துல கிறுக்கினது, விளம்பரம், காலிப் பக்கம் எதையும் விடாதீங்க. வாசகர் கிறுக்கினதுதான் பல நேரம் நல்ல ஆதாரம். ஃபைல் பேர்ல ஊர், இதழ், வருஷம், பக்க எண் போடுங்க. மூணு இடத்துல சேமிங்க. எழுதினவங்க அனுமதி இல்லாம பொதுவுல போடாதீங்க. காப்புரிமையும் இருக்கு, பதினாறு வயசுல எழுதின காதல் கவிதையோட கூச்சமும் இருக்கு.

இதுல அவசரம் எதுக்குன்னா, ராமபாணப் பூச்சியும் ஐப்பசி அடைமழை ஈரமும் ஒரு பக்கம். அதைவிட, அதை எழுதினவங்க பலருக்கு இப்ப எழுபது, எண்பது வயசு. காகிதம் இன்னும் பத்து வருஷம் தாங்கலாம். 'இந்தப் புனைபெயர் யாரு தாத்தா?'ன்னு கேட்டா பதில் சொல்றதுக்கு ஆள் வேணும். அதனால முதல்ல அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, பேசறதைப் போன்ல பதிவு பண்ணுங்க. ஸ்கேன் அடுத்த வாரம் பண்ணிக்கலாம்.