ஒற்றைவேக மிதிவண்டியின் சங்கிலிக்கோடு

சங்கிலிக்கோடு என்பது மிதிவண்டிச் சட்டகத்தின் நடுத்தளத்திலிருந்து சங்கிலி எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதைக் குறிக்கும் அளவு ஆகும். பெடல்களோடு சுழலும் முன் பற்சக்கரத்திற்கு ஓர் அளவும், பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கரத்திற்கு ஓர் அளவும் உண்டு. இவ்விரண்டும் சமமாயின் சங்கிலி நேராக ஓடும். தொழிற்சாலையிலேயே ஒற்றைவேகமாகச் செய்யப்படும் சாதாரண மிதிவண்டிகளில் இது முன்னரே அமைந்துவிடுகிறது. பல கியர்கள் கொண்ட மிதிவண்டியை ஒற்றைவேகமாக மாற்றுவோரே இதனைத் தாமாகச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

முக்கியத்துவம்

கியர் மிதிவண்டியின் சங்கிலி ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும் என்பதால் பக்கவாட்டில் சற்று வளையும்படி செய்யப்படுகிறது. பின்புறக் கியர் மாற்றி அதற்கு வழிகாட்டுவதோடு, சுருள்வில்லின் உதவியால் தொய்வையும் எடுத்துவிடுகிறது. ஒற்றைவேகமாக மாற்றும்போது இக்கருவி நீக்கப்படுகிறது. அதன்பின் சங்கிலி கோணலாக ஓடினால் அதன் பக்கத் தகடுகள் பற்களில் உரசும். இரைச்சலும் தேய்மானமும் கூடும். தொய்வும் சேர்ந்தால் சங்கிலி கழன்றுவிடும்.

ஃப்ரீவீல் உள்ள வண்டியில் இது பெரும்பாலும் கை அழுக்காவதோடு முடியும். ஃப்ரீவீல் இல்லாமல், சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுழலும் வண்டியில் நிலைமை வேறு. அதனை ஓட்டுபவர் கால்களாலேயே வேகத்தைக் குறைப்பதால், சங்கிலி கழன்றவுடன் அக்கட்டுப்பாடு போய்விடுகிறது. கழன்ற சங்கிலி பற்சக்கரத்திற்கும் ஆரக்கம்பிகளுக்கும் இடையில் சிக்கினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளவும் கூடும். இத்தகைய வண்டியில் முன் பிரேக்கைக் கழற்றுவது அறிவுடைமை ஆகாது.

அளவிடும் முறை

கண்மதிப்பை நம்ப இயலாது. பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் வெர்னியர் அளவி போதுமானது.

முன்புறத்தில், இருக்கைக் குழாயின் வெளிப்பரப்பிலிருந்து பல்லின் நடுப்பகுதி வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, குழாயின் விட்டம் 28.6 மி.மீ., அளந்த தொலைவு 32.7 மி.மீ. எனில் முன் சங்கிலிக்கோடு 14.3 + 32.7 = 47 மி.மீ. ஆகும். பற்சக்கரம் சற்று ஆடிச் சுழலக்கூடும் என்பதால் மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி காண்பது நல்லது.

பின்புறத்தில், அச்சு பொருந்தும் இரு பிளவுத் தகடுகளின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவில் பாதியிலிருந்து, வலத் தகட்டுக்கும் பல்லின் நடுவுக்கும் உள்ள தொலைவைக் கழிக்க வேண்டும். 130 மி.மீ. சட்டகத்தில் இது 65 − 22.5 = 42.5 மி.மீ. என்று வரலாம். அப்படியானால் வேறுபாடு 4.5 மி.மீ. இரு அச்சுகளுக்கும் இடையே 420 மி.மீ. இருப்பின் சங்கிலியின் சாய்வு சுமார் 0.6 பாகை மட்டுமே. எண் சிறிதாயினும் ஒற்றைவேக வண்டியில் இதனைத் திருத்தியே ஆகவேண்டும். வேறுபாடு 1 மி.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை.

திருத்தும் முறை

முதலில் சக்கரம் நேராகப் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அச்சின் மறைகள் தளர்ந்திருந்தால் சங்கிலியின் இழுப்பு வலப்புறத்தை முன்னோக்கி இழுக்கும்; டயர் இடப்பக்கக் குழாயை நெருங்கும். சக்கரமே சாய்ந்திருக்கும்போது வளையங்களை மாற்றிப் பயனில்லை.

பின் பற்சக்கரத்தை நகர்த்துவதே எளிது. பல பற்சக்கரங்களை வரிசையாகச் செருகும் வகை ஹப்பில், அவற்றின் இடத்தை இடைவளையங்களால் நிரப்பி ஒரே பற்சக்கரத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். வெளிப்பக்கத்திலிருந்து 1 மி.மீ. வளையம் ஒன்றை எடுத்து உட்பக்கத்தில் இட்டால் பற்சக்கரம் 1 மி.மீ. வெளியே நகரும். திருகிப் பூட்டும் பழைய ஃப்ரீவீலுக்கு இவ்வசதி இல்லை. அடியில் வளையம் இட்டால் மரையின் பிடிப்பு குறைவதால் மிகச் சிறிதளவே நகர்த்த இயலும்.

அது போதாவிடில் முன்புறத்தைக் கவனிக்கலாம். இரட்டைப் பற்சக்கரக் கிராங்கில், வெளிப்புறத்தில் உள்ள பற்சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தில் பூட்டினால் சங்கிலிக்கோடு சில மி.மீ. குறையும், இதற்குக் குட்டையான திருகாணிகள் தேவைப்படும். சதுர முனை கொண்ட கிராங்க் அச்சை மாற்றுவது இன்னொரு வழி. இருபுறமும் சமமாக அமைந்த அச்சில், 4 மி.மீ. குட்டையான அச்சைப் பொருத்தினால் பற்சக்கரம் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே உள்ளே வரும். பற்சக்கரமோ கிராங்கோ சட்டகத்தில் உரசாமல் சுழல்கிறதா என்று பார்த்த பின்னரே இறுக்க வேண்டும்.

இவை முடிந்தபின் கிராங்கை மெல்லச் சுழற்றிச் சங்கிலி மிக இறுக்கமாகும் இடத்தைக் கண்டறிந்து, அவ்விடத்திலும் சற்றே தொய்வு இருக்கும்படி பின்சக்கரத்தைப் பூட்ட வேண்டும்.