சிக்கனம் வேறு, பட்டினி வேறு

கல்லூரிப் படிப்பு என்றதும், பெற்றோர் பணம் கட்டப் பிள்ளை படிக்கும் காட்சியே நம் கண்முன் வருகிறது. ஆனால் தாமே உழைத்து, தாமே கட்டணம் செலுத்தி, தம் வயிற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் இளையோர் பலர் சென்னை போன்ற நகரங்களில் நம் நடுவே வாழ்கின்றனர். அங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இரு ஷிப்டு முறை இருப்பது இவர்களுக்குப் பெரும் உதவி. பாதி நாள் வகுப்பு. மறுபாதி ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க், உணவு டெலிவரி, டியூஷன். முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலை. இவர்களுக்குச் சிக்கனம் என்பது வெறும் நற்பண்பு மட்டுமன்று. படிப்பு தொடருமா, நின்றுவிடுமா என்பதையே அது தீர்மானிக்கிறது. ஆகவே அதைச் சரியாகப் புரிந்துகொள்வோம்.

கையில் நிற்பது எவ்வளவு?

முதலில் கணக்கிட வேண்டியது, வருகிற பணத்தை அல்ல, கையில் நிற்கிற பணத்தை. டெலிவரி வேலையில் மாதம் 10,000 ரூபாய் வருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் 3,000 போனால், உண்மையான வருவாய் 7,000. செமஸ்டர் கட்டணம் 12,000 என்றால், மாதம் 2,000 வீதம் சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்துவைக்க வேண்டும். நண்பர்களோடு பகிரும் அறைக்கு வாடகைப் பங்கு 2,000. மீதி 3,000. அதாவது, நாளொன்றுக்கு 100 ரூபாய். சோப்பும் செல்போன் ரீசார்ஜும் இதற்குள்தான்.

இங்கேதான் பல பிள்ளைகள் தவறான இடத்தில் கத்தரி வைக்கிறார்கள். காலை உணவை விட்டுவிடுகிறார்கள். தேநீரும் பிஸ்கட்டும் மதிய உணவாகின்றன. இது சிக்கனம் அன்று. பசித்த வயிறு வகுப்பில் தூங்கும். உடல் நோயில் விழும். பாடத்தில் தோற்றால் மறுதேர்வுக் கட்டணம். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தண்டம், சில வேளைகளில் தேர்வெழுதவே தடை. உணவில் மிச்சம் பிடித்ததைவிட இந்தச் செலவு பெரிது. இரவு வேலையை வகுப்பு நேரம் வரை நீட்டுவதும் இதே நட்டத்தைத்தான் தரும்.

எங்கே குறைக்கலாம்?

ஊரிலிருந்து அரிசியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுவந்து, மூன்று நான்கு பேர் சேர்ந்து சமைப்பது நல்ல வழி. 5 கிலோ எரிவாயு சிலிண்டரை அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்தால் எரிவாயு மிச்சம். முட்டையும் நிலக்கடலையும் குறைந்த விலையில் சத்துத் தருபவை. சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களை நாடுவதில் வெட்கம் எதற்கு? மாணவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய சேமிப்பு, நமக்கு உரியதைக் கேட்டுப் பெறுவதில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கான அரசு விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். இவை 2025-இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் பெற்றன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்தோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க, மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்தால் போதும். எது தனக்குப் பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

எந்தக் கடன் தகும்?

அவசரத்துக்குக் கடன் வாங்க நேரலாம். ஆனால் செல்போன் செயலிகளில் நிமிடத்தில் கிடைக்கும் கடன் ஆபத்தானது. 5,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி 4,000 மட்டும் கையில் தந்து, ஏழு நாளில் 5,000 கேட்டால், ஒரே வாரத்துக்கு வட்டி 25 விழுக்காடு! ஆண்டு வட்டியை முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கடன் வாங்குபவரின் தொலைபேசித் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் நெறிமுறை வகுத்தது. யாரேனும் ஆபாசப் படம் அனுப்புவோம் என மிரட்டினால் பயந்து ஒளிய வேண்டாம்; 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். வங்கிகளின் கல்விக்கடனோ வேறு வகை. பொதுவாக 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது.

நமது பங்கு

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதும் வாழ்வதற்காகத்தான். இப்பிள்ளைகள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள், தன்மானம் தடுக்கும். ஆகவே நாமே கேட்போம். வேலை தருபவர்கள் தேர்வு நாள்களில் விடுப்புத் தரலாம். வீடு உள்ளவர்கள் முன்பணத்தைத் தவணையில் பெறலாம். படித்து முடித்தோர் புத்தகங்களைக் கொடுக்கலாம். எதுவும் இயலாதவர்கள்கூட, அறை எடுத்துத் தங்கியிருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் “சாப்பிட்டாயா?” என்று விசாரித்து, ஞாயிறு மதியம் ஓர் இலை கூடுதலாகப் போடலாம் அல்லவா?